பழைய முயல் கூண்டைக் கழுவிய மூன்று நாட்கள்

தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டில் சும்மா கிடந்த முயல் கூண்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் முயலுக்குக் காலை நீட்டிப் படுக்கக்கூட இடம் போதாமல் இருந்த நேரம். எடுத்து வருவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டேன்: இதில் இருந்த முயல் எப்படிச் செத்தது? வயதாகித்தான், நோய் எதுவும் இல்லை என்றார். அவர் சொன்னதை நம்பினேன். ஆனாலும் முயல்களைக் கொத்தாகக் கொல்லும் ரத்தக்கசிவு நோயின் வைரஸ், காய்ந்த இடத்தில்கூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் நோயாளி முயல் இருந்த கூண்டு என்றே வைத்துக்கொண்டு கழுவுவது என்று முடிவு செய்தேன். அது முடியும் வரை எங்கள் முயலை அந்தப் பக்கமே விடவில்லை.

கூண்டு வெகுநாள் கொட்டகையில் கிடந்திருக்கிறது. ட்ரேயில் உருண்டை உருண்டையாக முயல் புழுக்கை. மூலையில் அரிசி மணி அளவில் நீளமாக வேறு புழுக்கைகள். எலி குடியிருந்திருக்கிறது. இந்த மாதிரி இடத்தில் துடைப்பத்தை வைக்கவே கூடாது. எலிப் புழுக்கைத் தூசி மூச்சில் ஏறினால் மனிதருக்கே தொற்று வரலாம். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் வைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் காகிதத்தால் வழித்தெடுத்துப் பையில் கட்டினேன்.

அடுத்து ஒரு தவறு செய்தேன். கிருமி போனால் போதும் என்ற அவசரத்தில், மூத்திரம் ஊறிக் கிடந்த ட்ரேயில் நேராக ப்ளீச்சை ஊற்றிவிட்டேன். சில நொடிகளில் கண் எரிந்து, தொண்டை கமறி, இருமல் வந்துவிட்டது. விட்டுவிட்டுத் தள்ளிப் போய்விட்டேன். மூத்திரத்தில் இருந்து வரும் அம்மோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு வரும். அதோடு, அழுக்கு மேல் ஊற்றிய ப்ளீச் அழுக்கிலேயே தன் வீரியத்தை இழந்துவிடும். கிருமியைக் கொல்ல வீரியம் மிச்சம் இருக்காது. நெடி அடங்கிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, முதலில் இருந்து ஆரம்பித்தேன். முதலில் சோப்பு, அடுத்து வினிகர், ப்ளீச் கடைசியில்தான்.

சோப்புக்கு அசையாத ஒன்று ட்ரே மூலையில் இருந்தது. மஞ்சள் கலந்த வெள்ளையில், நகம் அளவு கனத்தில், சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு படிவு. முயலின் உடம்பு தீனியில் உள்ள கால்சியத்தைத் தேவை பார்க்காமல் உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சியது மூத்திரத்தில் போகும். அதுதான் காய்ந்து காய்ந்து கல்லாகிறது. சுரண்டினால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலுக்குள் கிருமி தங்கும். பழைய துணியை வினிகரில் நனைத்து அதன் மேல் போர்த்தினேன். குனிந்து கேட்டால் மெல்லச் சுர்ரென்று பொங்கும் சத்தம். அரை மணி நேரம் கழித்துப் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் நெம்ப, படிவு வில்லை வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் ட்ரேயின் அசல் நிறமே வேறு! மிச்சத்துக்கு இன்னொரு தடவை போட்டேன்.

வினிகரும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் தடவை பட்டது போதும் என்று, வினிகர் வாடை துளிகூட இல்லாதபடி அலசி, ப்ளீச் வேலையை மறுநாளுக்குத் தள்ளினேன்.

கம்பிகள் சேரும் இடங்களில் டூத் பிரஷ்தான் நுழையும். துத்தநாக முலாம் பூசிய கம்பியில் வெண்மையாகப் பூத்திருந்த தூள், அந்தத் துத்தநாகம் அரித்து உண்டானது. கம்பியைக் கடிக்கும் பிராணிக்கு அது விஷம் என்பதால் அதையும் தேய்த்து எடுத்தேன். அடிப்பக்கக் கம்பி வலை துருப்பிடித்திருந்தது, தூக்கிப் போட்டேன். துரு இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன். நாய் பூனைக்கு இருப்பதுபோல முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது. கம்பி மேல் நின்று நின்று புண்ணாகிவிடும். மூத்திரம் குடித்த மரப்பெட்டியும் பாசி பிடித்த தண்ணீர் பாட்டிலும் குப்பைக்குப் போயின.

மறுநாள் ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், அப்போதே கலந்து எடுத்துக்கொண்டேன். பூசியதும் துடைக்கக் கூடாது, பத்து நிமிடமாவது ஈரமாகவே இருக்க வேண்டும். காய்கிற இடத்தில் மறுபடி பூசிக்கொண்டே இருந்தேன். ஃபினாயிலை நான் கிட்டவே கொண்டுவரவில்லை. உடம்பை நக்கி நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, தரையில் இருப்பதை வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும்.

ப்ளீச்சுக்கும் அடங்காத ஒன்று உண்டு: முயலின் குடலைத் தாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணி. அதற்குச் சூடு வேண்டும். நன்றாக அலசிய கம்பிகள் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். ட்ரே வளைந்துவிடும் என்பதால் அதை மூன்றாம் நாள் முழுக்க வெயிலில் போட்டேன். சுத்தமாக உலர்ந்துபோவதும் அந்த ஒட்டுண்ணிக்கு ஆகாது. சாயங்காலம் ட்ரேக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.

அப்புறம் முயலை விட்டேன். மூக்கை ஆட்டியபடி ஒரு சுற்று வந்தது. பிறகு தாடையைக் கம்பியில் தேய்த்தது, ட்ரே விளிம்பில் தேய்த்தது, நாலு மூலையிலும் தேய்த்தது. தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியால் முயல் தன் வாசனையை இப்படித்தான் பூசும். எல்லாம் முடித்துவிட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.