ஊதா மூடி

ஜனவரி 5
ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை தொடங்கி மூன்று மாதம். எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்க்க ரத்தம் கொடுத்தாயிற்று. ஊதா மூடி போட்ட குழாய் இரண்டு. மும்பைக்குப் போகுமாம், பத்து பதினைந்து நாளாகுமாம். திருச்சியிலிருந்து திரும்பும்போது ஜன்னல் சீட் கிடைத்தது.

ஜனவரி 6
காலையில் இமை இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கிறது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த டீச்சர், "அழுதீங்களாக்கா? வீட்ல எதாவது...?" என்று காதோடு கேட்கிறார். மாத்திரை முகத்தில் நீர் கோக்க வைக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரரைப் பார்த்தால்தான் பாவம். தெருவே அவரை ஒரு மாதிரி பார்க்கிறது.

ஜனவரி 8
ரிப்போர்ட்டில் நோயின் அளவு 10 சதவீதத்துக்குக் கீழே வரணும். 10-க்குக் கீழே.

ஜனவரி 9
பாப்பா காலேஜ் லீவுக்கு வந்துவிட்டாள். பொங்கல் ரவிக்கை பதினாறு பாக்கி. ராத்திரி ஹெம்மிங் போட்டுக்கொண்டே கேட்டேன், எனக்கு என்னதான்டி ஆச்சு என்று.

9-ம் குரோமோசோமில் ஏபிஎல்1 என்று ஒரு மரபணு. உனக்கும் எனக்கும் எல்லாருக்கும் உண்டு என்றாள். அது செய்கிற புரதம் செல்லுக்குச் சக்தி தருகிற ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தில் டைரோசின் என்கிற இடத்தில் ஒட்டும். ஒட்டினால் செல்லுக்குச் சேதி போகும். வேலை முடிந்ததும் அடங்கிவிடும். எனக்கு 9-ன் நுனியும் 22-ன் நுனியும் அறுந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டன. ஏபிஎல்1 போய் 22-ல் இருக்கிற பிசிஆர் மரபணுவோடு சேர்ந்துவிட்டது. "மிதிச்ச பெடல் அப்படியே சிக்கிக்கிச்சும்மா. மோட்டார் ஓடிட்டே இருக்கு."

மூன்று மாதமாக டாக்டர் சொல்லி ஏறாதது இதில் ஏறியது. இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தவள்தான் நானும். இதைப் பிரிக்க முடியாதாம். ஏடிபி உட்காருகிற குழியில் மாத்திரை போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் உட்காரணும். தினமும்.

ஜனவரி 10
ஜேனட் ரவ்லி என்று அமெரிக்காவில் ஒரு டாக்டரம்மா. குரோமோசோம் போட்டோக்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரியால் வெட்டி வெட்டி ஜோடி சேர்த்துப் பார்ப்பாராம். பிள்ளைகள், அம்மா காகிதப் பொம்மை வெட்டுகிறாள் என்று கேலி செய்யுமாம். 9-ம் 22-ம் துண்டு மாற்றிக்கொண்டதை அப்படித்தான் கண்டுபிடித்து 1973-ல் எழுதியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது. கத்தரி பிடிக்கிறவள் கண்ணில்தான் அது படும்.

ஜனவரி 11
பட்டன் டப்பாவில் ஏழு இருக்கிறது. இன்றைக்கும் எண்ணினேன்.

ஜனவரி 13
போகி. பழைய பாய், கிழிந்த கட்டம் போட்ட துணி எல்லாம் போனது. டப்பா போகவில்லை.

அவர் இந்த மாதத்து மாத்திரையை வாங்கி வந்து மேசையில் வைத்தார். ஒரு காலத்தில் இதுவே மாதம் லட்சத்துக்கு மேலாம். நோவார்ட்டிஸ் என்கிற மருந்துக் கம்பெனி கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் தர முடியாது என்றது. கம்பெனி கோர்ட் கோர்ட்டாக ஏறியது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் முடியாது என்றுவிட்டது. நம் ஊர்க் கம்பெனிகள் செய்வதால்தான் நமக்குக் கட்டுப்படியாகிறது. இத்தனை பேர் மல்லுக்கட்டிக் கொண்டுவந்த மாத்திரையை நான் எங்கே வைத்திருக்கிறேன்.

ஜனவரி 14
பொங்கிவிட்டது. கிழக்கேதான் வழிந்தது.

ஜனவரி 16
தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

கார்த்திகையில் அண்ணன் மகள் கல்யாணம். முன்னாடியே போய் ஒரு வாரம் தங்கினேன். அப்போதெல்லாம் மாத்திரை போட்ட அரை மணியில் குமட்டும். மண்டபத்தில் வாந்தி எடுத்தால் அண்ணி ஊரெல்லாம் சொல்லுவாள். அதைவிட இந்த முகம். ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் கண் கொஞ்சம் வடிந்திருந்தது. இன்னொரு ராத்திரி. அப்படியே ஏழு.

போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜனவரி 17
அந்தப் புரதத்தில் 315-ம் இடம் என்று ஒன்று இருக்கிறதாம். அங்கே திரியோனின் என்கிற அமினோ அமிலம் போய் ஐசோலூசின் என்கிற இன்னொன்று வந்துவிட்டால் இந்த மாத்திரை உட்கார முடியாது, வேறு மருந்துக்குப் போகணும். பாப்பா சும்மா சொல்லிக்கொண்டு போனாள். ஏழு நாள் விட்டால் அப்படி ஆகுமா என்று வாய் வரை வந்தது. ஏன் கேக்கறேம்பாள். கேட்கவில்லை.

ஜனவரி 19
11.4.

ஜனவரி 21
"10-க்குள்ள வந்திருக்கணும், ஆனா கிட்டத்தட்ட வந்துட்டீங்க" என்றார் டாக்டர். ஒரு ரிப்போர்ட்டை வைத்து மருந்தை மாற்ற மாட்டாராம். அடுத்த மாதம் மறுபடி ஊதா மூடி. "மாத்திரை எதுவும் விட்டுப்போகலியே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்கிறார்: "தினம் சாப்பாடு முடிஞ்சதும் நானே பக்கத்துல நின்னு ஒரு சொம்புத் தண்ணியோட குடுக்கறேன் டாக்டர்." அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

தலையாட்டினேன்.

பஸ்ஸில் கடலை வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 22
சட்டைப் பட்டன் ஒன்று தெறித்துவிட்டது, டப்பா எங்கே என்று மேல் தட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். நானே தைக்கிறேன், கழற்றுங்க என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.