15,345 கிலோமீட்டர், சரி, எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 15,345 கிலோமீட்டர் என்று வரும். அதை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, 17 மணி நேரம் என்று நானும் ரொம்ப நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பயணச்சீட்டில் பார்த்தால் பதினெட்டரை மணிக்கும் மேல். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போகிறது என்று தேடப்போய்த்தான் இந்த விஷயமே எனக்குப் பிடித்துப்போனது.

முதலில் அந்தத் தூரத்தைக் கையாலேயே கணக்கிட்டுவிடலாம். சிங்கப்பூர் 104 பாகை கிழக்கு, நியூயார்க் 74 பாகை மேற்கு, கூட்டினால் 178. கிழக்கு மேற்குக் கணக்கில் கிட்டத்தட்ட பூமியின் நேர் எதிர்ப்பக்கங்கள், அதனால் உருண்டையின் மேல் நூலைப் பிடித்துப் பார்த்தால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும், தட்டையான வரைபடத்தில் இதை நம்பவே முடியாது! சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், அதே எண் வந்து நிற்கும்.

ஆனால் விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் வட பசிபிக் வழியாகச் சுற்றிப் போகிறது. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று பின்னாலிருந்து தள்ளும், அதனால் கூடுதல் தூரம் பறந்தாலும் லாபம்தான். லண்டன் - நியூயார்க் வழியிலும் இதே கதை, போக சுமார் 8 மணி நேரம், திரும்ப 7. 2020 பிப்ரவரியில் புயல் வீசிய ஓர் இரவில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் ஒரு விமானம் வந்துவிட்டது. விமானத்துக்குக் கீழே பூமி சுழன்றுவிடுவதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது.

அப்புறம் அரசியல். ஹெல்சின்கி - டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் அது 13 மணி நேரத்தை ஒட்டிப் போனது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

இன்னொன்று, பயணச்சீட்டில் இருக்கும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் கேட்டில் நிற்பது வரை கணக்கு, ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள்தான் வரும்.

கடிகாரம் செய்வதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. கோடையில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். திங்கள் பிறக்கும் நள்ளிரவில் சிங்கப்பூரில் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பயணித்தால், இறங்கும்போது நியூயார்க்கில் அதே திங்கள் காலை 6.40. கைக்கடிகாரத்தில் முள்ளைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை.