பழவேற்காட்டு மணலில் பேய் இறால்: இதுவரை நடந்தது

மணலோடு சேர்த்து பிராணியை உறிஞ்சி எடுக்க நான் செய்த கைப்பம்ப் ஒழுங்காக இழுக்கிறது. கண்ணாடித் தொட்டியில் ஒரு பேய் இறால் வளை தோண்டிக்கொண்டிருக்கிறது. எந்தக் குடும்பம் என்பது வரை வந்தாயிற்று. நிலவரம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் விவரம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீன்தொட்டிக் கடைகளில் கோஸ்ட் ஷ்ரிம்ப் என்று விற்கிறார்களே, உடம்பு ஊடுருவித் தெரியும் சின்ன நன்னீர் இறால், அது வேறு. இது கடலோர மணலுக்குள் வளை தோண்டி அதிலேயே வாழ்நாளைக் கழிக்கிற பிராணி.

நான் இருப்பது ஆரம்பாக்கம் பக்கம். வடக்கே கொஞ்சம் போனால் தடா, ஆந்திரா. பழவேற்காட்டுக்குப் போக கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று சுற்றிக்கொண்டுதான் வண்டி ஓட்டவேண்டும். ஏரி இரண்டு மாநிலத்துக்கும் பொது, அதில் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம், அதற்குள் பைப்பும் கையுமாக நிற்பது சரியில்லை. அதனால் கடல் பக்கத்து ஈரமணலை எடுத்துக்கொண்டேன். இந்தக் கரையில் ஓதமும் பெரிதாக இருக்காது, அமாவாசை பௌர்ணமிக்கே ஏறக்குறைய 1 மீட்டர் ஏறி இறங்கினால் அதிகம், ஆக வேலை பார்க்கக் கிடைக்கும் மணல் ஒரு குறுகலான பட்டைதான்.

மண்வெட்டி இந்த வேலைக்கு உதவாது. தண்ணீர் ஊறிய மணலில் எவ்வளவு வெட்டினாலும் பக்கவாட்டில் சரிந்து மூடிவிடும், அதற்குள் பிராணி கீழே போய்விடும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தூண்டில்காரர்கள் இதற்கென்றே கைப்பம்ப் வைத்திருக்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் யாபி பம்ப் என்பார்கள். பார்த்தால் எளிதாகத்தான் தெரிந்தது. இரண்டு இன்ச் பிவிசி பைப் மூன்றடி, உள்ளே ஒரு கம்பி, கம்பியின் நுனியில் இரண்டு தகட்டுக்கு நடுவே ரப்பர் வாஷர், மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. தடாவில் ஹார்டுவேர் கடைக்காரர் பைப்பை அறுத்துக்கொண்டே "எத்தன அடி போர் சார்?" என்று கேட்டார். மூன்றடி என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

முழு விஷயமும் அந்த வாஷரில்தான் இருக்கிறது. சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டால் மணல் துகள் ஓரத்தில் புகுந்து சில இழுப்பிலேயே தேய்ந்து, காற்று உள்ளே வந்துவிடுகிறது. கை அடிபம்புக்குப் போடும் தோல் வாஷர் நன்றாக ஊறினால் பைப்பின் உள்சுவரோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஆனால் காய்ந்தால் சுருங்கிவிடும், அதனால் போவதற்கு முந்தின ராத்திரியே வாளித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பைப்பின் வாயைத் துளைமேல் வைத்து, ஒரு கையால் பைப்பை அழுத்திக்கொண்டே மறுகையால் கம்பியை மேலே இழுக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வந்த மணலைச் சல்லடையில் தள்ளிவிட்டு அதே துளையில் மறுபடியும் மறுபடியும் இழுக்கவேண்டும். தண்ணீர் ஊறாத மேட்டு மணலில் இது சுத்தமாக வேலைக்காகாது.

எங்கே இழுப்பது என்பது அடுத்த கேள்வி. கரையில் ஓட்டைக்கா பஞ்சம்? பெரிய, சாய்வான ஓட்டை, வாசலில் கால்தடம், பக்கத்தில் வாரி இறைத்த மணல் என்றால் அது நண்டு. பேய் இறாலின் வாசல் பென்சில் முனை அளவுக்குக் குறுகல், சில இடத்தில் தட்டையான மணலில் வெறும் துளை, சில இடத்தில் சின்னக் கூம்பு, அதன் உச்சியில் துளை. தண்ணீர் மேலே லேசாக நிற்கும்போது உட்கார்ந்து பார்த்தால் அந்தத் துளையிலிருந்து திடீரென்று ஒரு கொப்புளிப்பு, மணலும் கலங்கலும் மேலே வந்து விழும். உள்ளே இருப்பவர் வீடு பெருக்குகிறார். துளையைச் சுற்றி உடைத்துப் போட்ட சேமியாத் துண்டு போல எச்சம் சிதறிக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நான் செய்வதை வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "அது முள்ளுல நிக்காதுப்பா, கடல்ல போட்டதும் கழண்டு போயிடும்" என்றார். தூண்டிலுக்கு இல்லை தாத்தா, பார்க்கத்தான் என்றேன். "பாத்துட்டு?" என்றார். திரும்ப விட்டுவிடுவேன் என்று சொன்னதும் சிரித்தாரே தவிர, துளை நிறைய இருக்கிற இடத்தையும் அவர்தான் காட்டினார்.

முள்ளில் நிற்காது என்று அவர் சொன்னதன் அர்த்தம் கையில் எடுத்தபோதுதான் புரிந்தது. கொடுக்கு மட்டும்தான் கெட்டி. மற்றபடி உடம்பு மெத்தென்று, வெளிறி, ஓடு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லிசு. வளைக்குள்ளேயே இருப்பதற்குக் கனத்த கவசம் எதற்கு? பிடித்ததில் ஒன்று பெண், வயிற்றுப் பகுதியில் சினைப்பை ஆரஞ்சு நிறத்தில் தோலுக்கு அடியில் அப்படியே தெரிந்தது, குடல் ஒரு கருங்கோடாக அதன்கூடவே ஓடியது. கண்காம்புகள் உருண்டையாக இல்லாமல் தட்டையாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கண் என்று சொல்ல ஒரு கரும்புள்ளி, அவ்வளவே. முதல் ஜோடிக் காலில் ஒரு கொடுக்கு பெரிது, மற்றது சிறிது. ஆணுக்கு அந்தப் பெரிய கொடுக்கு இன்னும் பெரிதாகி உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் நிற்கும். அது வலப்பக்கமும் இருக்கலாம், இடப்பக்கமும் இருக்கலாம்.

சரி, இப்போது வகைப்பாட்டுக்கு வருகிறேன், எனக்கு இதில் பிடித்த பகுதியே அதுதான். பேர் இறால் என்றாலும் நம் ஊர் வெள்ளை இறாலும் கறுப்பு இறாலும் இதற்கு நெருங்கின சொந்தம் இல்லை. அந்த இறால்கள் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். பேய் இறால் பெண் முட்டையை அடிவயிற்றுக் கால்களில் ஒட்டவைத்துப் பொரியும் வரை சுமக்கும். பத்துக்காலிகளுக்குள் இது நண்டு, முனிவன் நண்டு பக்கம் சாய்கிற பிராணி.

நீண்ட காலமாக மணலிலும் சேற்றிலும் வளை தோண்டுகிற இந்த மாதிரிப் பிராணிகளை எல்லாம் தலாசினிடியா என்ற ஒரே கூட்டில் போட்டு வைத்திருந்தார்கள். மெல்லிய ஓடு, நீண்ட வயிறு, வளை வாழ்க்கை, ஓட்டின் இரண்டு பக்கமும் நெடுக ஓடும் மெல்லிய கோடு என்று பார்த்தால் ஒரே குடும்பம் போலத்தான் இருக்கும். 1979-இல் மிஷேல் த சேன் லோரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஆக்ஸிடியா, கெபிடியா என்று இரண்டு பெயர்களைக் கொடுத்தார். 2009-இல் ரோபிள்ஸும் சக ஆய்வாளர்களும் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், இவை இரண்டும் தனித்தனிக் கிளை என்பது உறுதியானது. அதாவது பழைய கூட்டை உண்டாக்கியது சொந்தம் இல்லை, தொழில். ஒரே மாதிரி தோண்டிப் பிழைத்ததால் ஒரே மாதிரி உடம்பு வந்திருக்கிறது, அதைப் பார்த்துப் பெரிய பெரிய ஆட்களே உறவு என்று நினைத்துவிட்டார்கள்.

இதை நாமே சரிபார்க்கலாம் என்பதுதான் விசேஷம், பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். இரண்டாவது ஜோடிக் காலைப் பாருங்கள். அதன் நுனியிலும் கொடுக்கு இருந்தால் ஆக்ஸிடியா, பேய் இறால் இங்கேதான் வரும். முதல் ஜோடியில் மட்டும் கொடுக்கு, இரண்டாவது ஜோடி சாதாரணக் கால் என்றால் கெபிடியா. சேற்று இறால் எனப்படும் உபோகெபியா இந்தப் பக்கம், அதற்கு மூக்கு முனையும் நன்றாக நீண்டு மயிர் அடர்ந்திருக்கும். அலையாத்திக் காடுகளில் ஆள் உயரத்துக்கு மண்மேடு போடுகிற தலாசினாவும் கெபிடியாதான். பழைய கூட்டுக்கே அதன் பேரைத்தான் வைத்திருந்தார்கள், கடைசியில் கூடு போய் அது மட்டும் மிச்சம். நான் பிடித்தவற்றில் எல்லாமே இரண்டாவது காலிலும் சின்னதாக, அழகாக ஒரு கொடுக்கு. ஆக ஆக்ஸிடியா, தட்டைக் கண்காம்பையும் சேர்த்துப் பார்த்தால் காலியனாஸிடே என்ற குடும்பத்தின் வட்டாரம்.

வட்டாரம் என்று ஏன் இழுக்கிறேன் என்றால், அந்தக் குடும்பத்தையும் 2019-இல் கேரி பூர், பீட்டர் டுவார்ஷாக் முதலானவர்கள் பிரித்துப்போட்டுவிட்டார்கள். முன்பு காலியனாஸா என்ற பேரினத்தில் இருந்த பலவும் இப்போது வேறு பேரில் இருக்கின்றன. கலிபோர்னியாவின் காலியனாஸா கலிபோர்னியென்சிஸ் இன்றைக்கு நியோட்ரைபியா, அமெரிக்கக் கிழக்குக் கரையின் காலிகைரஸ் மேஜர் காலிகைரிடே என்ற தனிக் குடும்பத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டுரை படிக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு தாளில் பழைய பேர், புதுப் பேர் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன். எரிச்சலான வேலை, ஆனால் வேறு வழி இல்லை.

தொட்டி விஷயம். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் பிராணியின் தடிமனுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி, மூன்று பக்கம் சிலிக்கான். அதே கரையின் மணல், அதே கடல்நீர், ஒரு சின்ன ஏர் பம்ப். வெளியே இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை, பார்க்கும்போது மட்டும் எடுப்பேன். விட்டதும் அது கொஞ்சநேரம் கண்ணாடி ஓரமாக அலைந்தது, பிறகு தலையைக் குத்தி மணலுக்குள் இறங்க ஆரம்பித்தது, அரை மணி நேரத்தில் வால் மறைந்துவிட்டது.

தோண்டும் விதத்தை அருகில் பார்க்க வேண்டும். முன்கால்களால் மணலைப் பறித்து, வாய்ப்பக்கத்துக் கால்களில் கூடை போல் ஏந்திக்கொண்டு நடக்கிறது, போகிற வழியில் சுவரில் பூசுகிறது அல்லது வாசலுக்குக் கொண்டுபோகிறது. திரும்பவேண்டும் என்றால் நேராகத் திரும்ப இடம் கிடையாது. அதற்கென்று வளையில் அங்கங்கே கொஞ்சம் அகலமான அறை வைத்துக்கொள்கிறது, அங்கே போய் உடம்பை மடக்கிக் குட்டிக்கரணம் போட்டு மறுபக்கம் பார்க்கிறது. மாக்கினிட்டி என்ற ஆய்வாளர் 1934-இல் கலிபோர்னியா இனத்தைப் பற்றி எழுதியதில் இந்த அறைகளும் வரும், என் தொட்டியிலும் அதே கதை. அடிவயிற்றில் கடைசி மூன்று ஜோடிக் கால்கள் அகலத் துடுப்புகள். அவை சும்மா இருந்து சும்மா இருந்து, திடீரென ஒரு வீச்சு வீசும், வளைக்குள் தண்ணீர் ஓடும், மறுபடி ஓய்வு. தண்ணீர் வற்றிய நேரத்தில் வளைக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் அல்லவா, அதற்கும் இது பழகியிருக்கிறது. கலிபோர்னியா இனம் ஆக்சிஜனே இல்லாத நீரில் 5 நாளுக்கு மேல் தாங்கியதாக 1969-இல் தாம்ப்சனும் பிரிட்சார்டும் காட்டியிருக்கிறார்கள்.

தொட்டி மணலும் மாறிவிட்டது. மேலே மெல்லிய பழுப்புப் படலம், கீழே கறுப்பு, கிளறினால் அழுகின முட்டை நாற்றம். ஆனால் வளையைச் சுற்றி மட்டும் கறுப்புக்குள்ளே ஒரு பழுப்பு விளிம்பு, துடுப்பு வீசிக் கொண்டுவந்த ஆக்சிஜன் எட்டிய தூரம் அது. சாப்பாடும் இந்த மணலில்தான், துகளோடு வரும் மக்கலையும் நுண்ணுயிரையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுகிறது. உபோகெபியா அப்படி இல்லை, சளி பூசிக் கெட்டிப்படுத்திய வளையில் உட்கார்ந்து தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும்.

ஒரு கரை முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் மணலைப் புரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வில்லாபா விரிகுடா உதாரணம். மணல் இளகி வளர்ப்பு ஆளிகள் உள்ளே புதைந்துபோக, 1963 முதல் பல பத்தாண்டுகள் கார்பரில் பூச்சிமருந்து அடித்தார்கள். நெல்லூர்ப் பக்கம் இறால் குளம் வைத்திருக்கும் நண்பருக்கு நான் சொன்ன கதை வேறு. கொலம்பியாவில் இறால் குளங்களுக்குள்ளேயே புகுந்து பெருகி, குளத்து அடிமண்ணைத் துளையாக்கிய லெபிடாப்தால்மஸ் சினுவென்சிஸ் என்ற இனம், 1991-இல் பெயர் வைக்கப்பட்டது. அவர் கேட்டுவிட்டு "ரொய்யல குளத்துல பேய் வேறயா" என்று போனை வைத்துவிட்டார்.

சுமந்துவரும் இன்னொரு விருந்தாளி பற்றியும் ஒரு வார்த்தை. பிடித்ததில் ஒன்றுக்கு ஓட்டின் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தது. செவுள் அறையில் போபைரிட் ஒட்டுண்ணி குடியேறினால் இப்படித்தான் புடைக்கும், உள்ளே பெரிய பெண்ணும் அதன்மேல் ஒட்டிக்கொண்டு குட்டி ஆணும் இருக்கும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் உபோகெபியா கூட்டங்களைச் சரித்துவிட்டதாகப் பேசப்படும் ஆர்தியோனி கிரிஃபெனிஸ் இந்த வகைதான். படம் எடுத்துக்கொண்டு அதை அதே துளைப்பக்கம் விட்டேன்.

வளையின் வடிவத்தை வார்த்தெடுப்பது பாக்கி. 1968-இல் ஷின் என்ற ஆய்வாளர் ஃப்ளோரிடா, பஹாமாஸ் கரைகளில் ரெசின் ஊற்றி எடுத்தார், அதே முறைதான் இன்றைக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவு, ஆனால் ஈர மணலுக்குள் முழு ஆழம் இறங்குவதற்குள் இறுகி, எடுக்கும்போது துண்டுதுண்டாக வருகிறது. எபாக்சி ஒரு கிலோ விலை கேட்டு வைத்திருக்கிறேன், ஊற்றினால் உள்ளே இருப்பது செத்துப்போகும், அதனால் தொட்டியில் இருக்கும் ஆளை முதலில் கரையில் விட்டுவிட்டு, காலியான இந்தத் தொட்டி வளையிலேயே முதல் வார்ப்பை எடுக்கப் போகிறேன். கண்ணாடிக்கு உள்பக்கம் கிரீஸ் தடவியிருக்கவேண்டும் என்கிறார்கள், இப்போதைக்கு ஒரு தகட்டை அறுத்துத்தான் கழற்றவேண்டும்.