ஹோல்காவில் எக்ஸ்போஷர் கடையிலேயே முடிவாகிறது

1982இல் ஹாங்காங்கில் வெளிவந்த ஹோல்கா 120 பிளாஸ்டிக் கேமராவில் ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, ஏறத்தாழ 1/100 வினாடி. லென்ஸின் மேல் வெயிலுக்கும் மேகத்துக்கும் படம் போட்ட விசை இருக்கும். பழைய மாடல்களில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் துவாரம் மாறாது, எஃப்/13 பக்கத்திலேயே நிற்கும். ஆகவே எந்த ஃபிலிம் வாங்குகிறீர்களோ அதுதான் எக்ஸ்போஷரை, அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதியும் என்பதை, முடிவு செய்யும்.

சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிவாக்கில். அந்த வெயிலில் சிராங்கூன் சாலையில் நின்று எடுக்க ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) 100 போதும். 400 போட்டால் தேவையைவிட இரண்டரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூடிவிடும். கலர் நெகட்டிவ் அதைத் தாங்கும், ஸ்லைடு வெளுத்துவிடும். மழைக்கு முன் வானம் மூடிக்கொண்டால் 400 சரியாக இருக்கும். கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட ஐந்தடிப் பாதைக்குள்ளும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்திலும் அதுவும் பற்றாது, ஃபிளாஷ் வேண்டும்.

அடுத்தது ஒளிக்கசிவு. இதில் சோம்பல் கூடாது. இருட்டறையில் சின்ன டார்ச்சை கேமராவுக்குள் வைத்து மூடிச் சுற்றிப் பாருங்கள். பின்மூடியின் ஓரங்களில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். பின்மூடியில் படத்தின் எண் தெரியும் சிவப்பு ஜன்னலிலும் ஒட்டிவிட்டு, ஃபிலிம் சுற்றும்போது மட்டும் நிழலில் விலக்கி எண்ணைப் பாருங்கள். பக்கவாட்டு உலோகக் கிளிப்புகள் வார் இழுபட்டால் கழன்று, மூடியே திறந்துகொள்ளும். அவற்றின் மேலும் டேப் கட்டாயம்.

ஜன்னலில் உள்ள அம்புக்குறி, படத்தின் அளவைத் தீர்மானிக்க உள்ளே போட்ட சட்டத்துக்குப் பொருந்த வேண்டும்: 6x6 செ.மீ. என்றால் 12 படம், 6x4.5 என்றால் 16. சதுரச் சட்டத்தைப் போட்டுவிட்டு அம்பு 16இல் இருந்தால் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

சுற்றும் குமிழுக்கும் ஷட்டருக்கும் தொடர்பே கிடையாது. கிளிக் செய்த கையோடு சுற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஃபிரேமில் இரண்டு படம் விழும். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் அழுத்தினாலும் ஷட்டர் இயங்கும், வியூஃபைண்டரில் அது தெரியாது. மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது மேல்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் கீறிவிடும். தானாகக் காயட்டும்.

ஃபிலிமை இழுத்துப் பிடிக்க உள்ளே வலுவான ஸ்பிரிங் இல்லாததால் ரோல் தொளதொளவென்று சுற்றிக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது விளிம்பில் வெயில் புகுந்து படத்தின் ஓரங்கள் ஆரஞ்சாகிவிடும். ஃபிலிம் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி மடித்து, புது ரோலின் அடியில் செருகுங்கள். குமிழ் லேசாக இறுகினால் போதும். மிகவும் இறுகினால் ஃபிலிமின் பின்னால் உள்ள காகிதம் கிழியும், ஒரு மடிப்பைக் குறையுங்கள். 12ஆம் படத்துக்குப் பிறகு காகிதம் முழுதும் ஜன்னலைக் கடக்கும்வரை சுற்றி, நிழலில் திறந்து, ரோலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒட்டுத்தாளை ஒட்டுங்கள்.