அம்மாவின் சிங்கப்பூர் டிக்கெட்டுக்காக ஒரு கார்டு தேடியது

அக்கா சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா ஒரு முறைகூட அங்கே போனதில்லை. டிக்கெட் எடுக்கவே முடியாது என்ற நிலைமை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக் கடன், சொந்தத்தில் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒன்று முன்னால் வந்து நின்றுவிடும். 2024 தொடக்கத்தில்தான், மாதாமாதம் எப்படியும் நடக்கிற செலவிலிருந்தே இந்தப் பயணத்துக்கு ஏதாவது சேர்க்க முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. போனில் கூப்பிட்டு, ஆயுளுக்கும் கட்டணம் இல்லை என்று சொல்லித் தந்தது. நான்கு வருடத்தில் அதில் 18,000 பாயின்ட் சேர்ந்திருந்தது. பெரிய தொகையாகத் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பாயின்ட்டுக்கு 20 பைசா. மொத்தம் 3,600 ரூபாய், அதுவும் மிக்ஸி, குக்கர், கடைக் கூப்பன் என்று அவர்கள் காட்டுகிற பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். விமான நிறுவனம் எதற்கும் அதை மாற்ற வழியே இல்லை. பாயின்ட் எவ்வளவு சேர்கிறது என்பதை விட அது எதுவாக மாறுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அலுவலகத்தில் "எந்தக் கார்டு நல்லது?" என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யார் சொன்னதும் தப்பில்லை, அவரவர் போகிற ஊர் வேறு. ஒருவர் துபாய்க்கு அடிக்கடி போகிறவர், இன்னொருவர் ஹோட்டலுக்காகச் சேர்க்கிறவர். அதனால் தலைகீழாக ஆரம்பித்தேன். போக வேண்டிய ஊர் எது, அங்கே எந்த விமானம் போகிறது, அந்த விமானத்தின் மைல் திட்டம் (மைல் என்ற புள்ளிகளைச் சேர்த்து, அதைக் கொண்டே டிக்கெட் எடுக்கும் ஏற்பாடு) எது, அந்தத் திட்டத்துக்குப் பாயின்ட்டை அனுப்பும் கார்டு எது என்று.

நாங்கள் திருச்சி. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை குறைந்த கட்டண விமானங்கள். அவற்றுக்கு மைலைச் செலவழித்தால் மைலுக்குக் கிடைக்கிற மதிப்பு மிகவும் குறைவு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போகிறது, அதன் மைல் திட்டம் கிரிஸ்ஃபிளையர். ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பதால் அதே மைலில் ஏர் இந்தியாவிலும் சீட் எடுக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, இடையில் இறங்கி விமானம் மாறுவதெல்லாம் முடியாது. ஆக, கிரிஸ்ஃபிளையர் என்று முடிவு செய்தேன்.

அப்புறம் ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். நூறு ரூபாய் செலவு செய்தால் கடைசியில் எத்தனை கிரிஸ்ஃபிளையர் மைல்? இந்த ஒரு கேள்விதான். இங்கே சொல்வதெல்லாம் அன்றைய விகிதம். எச்டிஎஃப்சி ரெகாலியா கோல்டில் 150 ரூபாய்க்கு 4 பாயின்ட், இரண்டு பாயின்ட்டுக்கு ஒரு மைல். நூறு ரூபாய்க்கு ஒன்றேகால் மைலுக்குச் சற்று மேல். அமெக்ஸின் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) மெம்பர்ஷிப் ரிவார்ட்ஸ் கார்டில் 50 ரூபாய்க்கு 1 பாயின்ட், இரண்டுக்கு ஒரு மைல். நூறுக்கு ஒரு மைல்தான் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் மாதத்தில் 1,500 ரூபாய்க்குக் குறையாமல் நான்கு முறை பயன்படுத்தினால் 1,000 பாயின்ட், மாதச் செலவு 20,000 ரூபாயைத் தொட்டால் இன்னொரு 1,000. சரியாக 20,000 செலவழிப்பவருக்கு மொத்தம் 2,400 பாயின்ட், அதாவது 1,200 மைல். நூறுக்கு ஆறு! அதற்கு மேல் செலவாகும் பணத்துக்குத்தான் பழையபடி ஒன்று. செலவு குறைவாக உள்ளவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், பக்கத்துக் கடைகளில் அமெக்ஸ் வாங்குவார்களா என்று முதலில் கேட்டுக்கொண்டு. என் செலவு பெரும்பாலும் விசா, மாஸ்டர், ரூபே ஓடும் கடைகளில்தான்.

ஆக்சிஸ் வங்கியின் அட்லஸ் கார்டில் அப்போது 100 ரூபாய்க்கு 2 எட்ஜ் மைல் (அந்த வங்கி தரும் பாயின்ட்டின் பெயர்), விமான நிறுவனத்தின் தளத்திலேயே டிக்கெட் எடுத்தால் 5. ஒரு எட்ஜ் மைலுக்கு இரண்டு கிரிஸ்ஃபிளையர் மைல். அதாவது நூறுக்கு நான்கு. வருடக் கட்டணம் 5,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 5,900. கிரிஸ்ஃபிளையரும் வேறு சில திட்டங்களும் சேர்ந்த பிரிவுக்கு வருடத்துக்கு 30,000 எட்ஜ் மைலுக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2024-ல் ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள். நான் அவ்வளவு செலவழிக்கப் போவதில்லை, அதனால் அது என்னைத் தொடவில்லை.

5,900 ரூபாய் கட்டலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். மாதம் 45,000 ரூபாய் கார்டில் போகும் என்று வைத்தால் வருடத்துக்கு 5,40,000. அதற்கு 10,800 எட்ஜ் மைல். சேரும்போது தருகிற 2,500, மூன்று லட்சம் செலவைத் தாண்டும்போது ஒரு 2,500. மொத்தம் 15,800, கிரிஸ்ஃபிளையரில் 31,600. இது கட்டணத்தை விட நிச்சயம் மதிப்பானது என்று தெரிந்த பிறகுதான் ஜூனில் விண்ணப்பித்தேன். சம்பளச் சீட்டும் பான் கார்டும் கொடுத்தேன், பத்து நாளில் கார்டு வந்துவிட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பில் தொகையை ஒவ்வொரு மாதமும் முழுதாகக் கட்ட முடியாதவர்கள் மைல் பக்கமே வர வேண்டாம். வட்டி மாதம் 3.75 சதவீதம், வட்டிக்கு வட்டி சேர்க்காமலே வருடத்துக்கு 45. எந்த மைலும் அதை ஈடுகட்டாது. நான் முதல் நாளே முழுத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போட்டுவிட்டேன்.

முதல் மூன்று மாதத்தில் என் கணக்கு உதைத்தது. அக்கா மகளின் சடங்குக்கு எடுத்த நகை, வீட்டு இன்சூரன்ஸ், மின்கட்டணம், பெட்ரோல் எதற்கும் மைல் ஏறவில்லை. விதிமுறையில் தெளிவாகவே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. மளிகை, மருந்து, ஸ்கூல் பொருள், துணி, அலுவலக வேலையாக டெல்லி போகும் டிக்கெட் ஆகியவற்றை மட்டும் இதில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு மாதக் கணக்கு ஏறக்குறைய நோட்டில் போட்டபடியே வந்தது.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். நமக்கு இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் முழுதாக இருக்கும், வங்கியில் ஒற்றை எழுத்தாக இருக்கும். நான் கிரிஸ்ஃபிளையர் கணக்கைத் தொடங்கும்போது அவசரத்தில் அந்த ஒற்றை எழுத்தையே கடைசிப் பெயராகப் போட்டுவிட்டேன். டிக்கெட் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் வரவேண்டும், கார்டுக்காரர் பெயரும் மைல் கணக்கின் பெயரும் ஒத்துப்போகவும் வேண்டும். பாஸ்போர்ட் நகலை அனுப்பி அதைத் திருத்தினேன். வங்கியிலும் பெயரை விரித்து எழுதச் சொல்லி மனு கொடுத்தேன். மைல் சேர்ந்த பிறகு இதைச் செய்திருந்தால் சீட்டை விட்டிருப்பேன். அம்மாவை ரிடெம்ப்ஷன் நாமினியாக, அதாவது என் மைலில் டிக்கெட் எடுத்துத் தரக்கூடியவராக, சேர்த்ததும் அப்போதுதான். அப்படி ஐந்து பேர் வரை சேர்க்கலாம்.

அடுத்தது, எப்போது அனுப்புவது. எட்ஜ் மைலை ஒருமுறை கிரிஸ்ஃபிளையருக்கு அனுப்பிவிட்டால் திரும்ப வராது. அங்கே போனதிலிருந்து 36 மாதக் கெடுவும் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் சேரச் சேர அனுப்பாமல் வங்கியிலேயே விட்டுவைத்தேன். பெயர் சரியாகிவிட்டதா என்று பார்க்க மட்டும் முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பினேன். ஒவ்வொரு முறைக்கும் 199 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள், ஏறக்குறைய 235 ரூபாய். மனநிம்மதிக்காக அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சேவர் என்ற குறைந்த மைல் சீட் எல்லா விமானத்திலும் இருக்காது. மே மாதப் பள்ளி விடுமுறையில் தேடினேன், கிடைக்கவில்லை. பொங்கலை ஒட்டியும் இல்லை. ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே சீட் திறக்கிறார்கள் என்பதால் தினமும் காலையில் ஒரு முறை பார்ப்பது பழக்கமாகிவிட்டது. 2025 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை விமானத்தில் இரண்டு சீட் தெரிந்தது. உடனே மொத்தத்தையும் அனுப்பினேன். மைல் அங்கே போய்ச் சேரும் வரை அந்தச் சீட்டுகள் இருக்குமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. இருந்தன.

என்னிடம் இருந்த மைல் இரண்டு பேருக்கும் போகிற வழிக்குத்தான் போதுமானது. வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாம் தனியாகக் கார்டில் கட்டினேன். அது ஒருபோதும் மைலில் அடங்காது, இலவச டிக்கெட் என்று யாராவது சொன்னால் அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஸ்கூட் என்ற குறைந்த கட்டண விமானத்தில் காசு கொடுத்து நேராகத் திருச்சிக்கே எடுத்துவிட்டேன். கையில் சிறிது மைல் வைத்திருந்தும் அதற்குச் செலவழிக்கவில்லை. அந்த வழிக்குப் பணமாகக் கட்டுவதுதான் மலிவு.

கணக்கு எப்படி என்றால், ஒரு டிக்கெட் காசில் 16,000 ரூபாய், வரி மட்டும் 4,000, மைல் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாவது 12,000 ரூபாய், ஒரு மைலுக்கு 60 பைசா. ஒவ்வொரு தேதிக்கும் இதைப் போட்டுப் பார்த்து, 50 பைசாவுக்குக் கீழே வந்தால் காசு கொடுத்துவிடுவது என்று வைத்திருந்தேன். அந்த எல்லை நானாக வைத்துக்கொண்டது.

சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார் அம்மா.

"காசே குடுக்காம எப்படிடா ஏத்துறாங்க?"

"மளிகை வாங்கினதுக்கும்மா."

"நம்ம அண்ணாச்சி கடை மளிகையா?"

ஆமாம் என்றேன். விமானம் கிளம்பும் வரை அதையே இரண்டு முறை பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொன்னார். இறங்கியதும் அக்காவிடம் முதலில் சொன்னதும் அதுதான்.