தண்ணீர்மலைக்கு அப்பாயியின் பால்குடம்

பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு அப்பாயி நேர்ந்துகொண்ட பால்குடத்தில் ஒன்று பாக்கி நின்றுவிட்டது. தைப்பூசத்துக்குச் சில வாரம் இருக்கும்போதே அவர் கண்ணை மூடிவிட்டார். வருஷம் கழியாமல் மலை ஏறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தலைத்திவசம் முடிந்த கையோடு அத்தை என்னைக் கூப்பிட்டு, “ஒங்கப்பாயி கடன நீதான் கட்டணும். எனக்கு மூட்டு வலி, ஒங்கப்பனுக்குப் பொறுமை கெடையாது” என்றார். அப்பா பக்கத்திலேயே இருந்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

கடன் என்றால் பழைய கடன். மலேசியாவில் நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாயிக்குப் பால்மரம் வெட்டுகிற வேலை. பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் முன்னால் மாடு கறந்தாக வேண்டும், அதனால் அவர் அடுப்பு இரண்டரை மணிக்கே எரியும். தாத்தா ஓட்டிவந்த ஒற்றைக் கிடேரியில் ஆரம்பித்து, ஒரு சமயம் கொட்டாயில் பதினெட்டு உருப்படி நின்றதாம். வெட்டு முடிந்து வந்தால் புல்லறுப்பு, சாணி, சாயங்காலக் கறவை. பாலைப் போத்தலில் ஊற்றி, வாயில் காகிதத்தைச் சுருட்டி அடைத்து, அப்பாவைச் சைக்கிளில் அனுப்புவார். தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுக்கு இரண்டு, சீனர் காப்பிக்கடைக்கு ஆறு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒன்று. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்க மாட்டார், விலையில் ஒரு காசும் குறைக்க மாட்டார். மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியைச் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது ஊர் வழக்கம். தோட்டத்தில் ஆலமரத்துக்கு எங்கே போவது? ரப்பர் மரத்தில் கட்டினார். அதுவும் பால் வடிகிற மரம்தானே என்று விட்டுவிட்டார்.

1960இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டு போட்டு விற்கப்படுகிற தோட்டங்களைத் தொழிலாளிகளே சேர்ந்து வாங்கலாம் என்பது ஏற்பாடு. அதில் பங்கு எடுக்க அப்பாயி பத்துப் பத்து வெள்ளியாக (எங்கள் ஊர்ப் பணம்) கட்டியது முழுக்கப் பால் காசு. சம்பளத்தைத் தொடவில்லை. அந்தப் பத்திரம் ரொம்பக் காலம் முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது.

நேர்த்தி வந்தது கோமாரியால். வாயெல்லாம் புண், குளம்பெல்லாம் ரணம், மாடுகள் வரிசையாகப் படுத்துவிட்டன. உப்பும் மஞ்சளும் கரைத்துக் கழுவினார். வேப்பெண்ணெய் தடவினார். வாழைப்பழத்தை நல்லெண்ணெயில் தோய்த்து ஒவ்வொன்றுக்கும் ஊட்டினார். ஒரு கன்று போய்விட்டது. மீதி பிழைத்தால் என் உயிர் இருக்கிற மட்டும் தைப்பூசத்துக்குக் கறந்த பால் உனக்கு என்று தண்ணீர்மலை இருக்கிற திசையில் விழுந்து கும்பிட்டாராம். மீதி அத்தனையும் எழுந்து நின்றன.

அப்புறம் வருஷா வருஷம் இதே கதைதான். நடுராத்திரி கறந்து, பித்தளைக் குடத்துக்கு ஈரத்துணி சுற்றி, பஸ்ஸில் பட்டர்வொர்த், ஃபெரியில் அக்கரை, அங்கிருந்து மலை வரைக்கும் நடை. தீவுக்குப் பாலம் 1985இல்தான் வந்தது. குடத்தைக் கொடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உடனே திரும்பிவிடுவார். அன்னதானத்துக்குக்கூட நிற்க மாட்டார். “மாட்டுக்குத் தைப்பூசம் தெரியுமா? மடி கட்டிக்கிட்டு நிக்கும்” என்பார். தைப்பூசத்துக்குச் சாமி ஊர்வலம் வரும் வெள்ளி ரதத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வந்த அப்பாவிடம் சாமி அலங்காரம் எப்படி என்று கேட்க மாட்டாராம். ரதத்தில் என்ன மாடு கட்டியிருந்தான், திமில் எப்படி, வயிறு நிறைஞ்சிருந்ததா, இதுதான் விசாரணை.

தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறியபோது, நட்ட கன்றுகளை மாடு கடிக்கிறது என்று கொட்டாயைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். செவலை போனது, காரி போனது. கடைசியாக மயிலையை லாரியில் ஏற்றிய நாளைப் பற்றி அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. பால்குடம் மட்டும் நிற்கவில்லை. தைப்பூசம் வந்தால் கறவை இருக்கிற கொட்டாயைத் தேடிக் கிளம்பிவிடுவார். பாக்கெட் பாலைக் காட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். “ஆடை கட்டாத பாலு என்னா பாலு?”

அதனால் நானும் தேடினேன். புக்கிட் மெர்த்தாஜாம் பக்கம் செம்பனைக்கு நடுவே இன்னமும் மாடு மேய்க்கிற ஓர் அண்ணன் கிடைத்தார். கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா என்று அத்தை இழுத்தார். “சாமிக்குன்னாலும் அதே வெலதாம்மா.” அப்பாயி இருந்திருந்தால் அந்த அண்ணனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருப்பார்.

விடியும் முன்பே தீவுக்கு வந்துவிட்டோம். வந்து என்ன? வண்டி நிறுத்த இடமில்லை. யாருடைய காலி நிலமோ தெரியாது, கையில் டார்ச் விளக்கோடு நின்ற இருவர் முப்பது வெள்ளி என்றார்கள். ரசீது கேட்ட அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஜாலான் கெபுன் பூங்கா என்கிற சாலை முழுக்கத் தண்ணீர்ப் பந்தல். மோரும் பானகமும் கொடுக்கிற புண்ணியவான்களுக்குக் கோடி நமஸ்காரம். ஆனால் பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி வைத்துக் குத்துப்பாட்டு போடுகிறவர்களை முருகன்தான் கேட்க வேண்டும். வாயில் இருந்த ‘வேல் வேல்’ எனக்கே கேட்கவில்லை. குடம், துணி, பாக்கெட் பால் எல்லாம் சேர்த்து ஒரு செட்டாக விற்கிறார்கள். அதுவும் முருகனுக்குத்தான் போகிறது, நான் குறை சொல்லவில்லை. அப்பாயி சொல்லியிருப்பார்.

வெயில் ஏற ஏற எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காய்ச்சாத பால். வரிசை நகரவே இல்லை. “அங்க எங்க அக்கா நிக்குறாங்க” என்று சொல்லிக்கொண்டே ஒரு குடும்பம் முழுசாக எங்களைத் தாண்டிப் போனது. திரிந்துவிட்டால் என்ன செய்வது? குடத்தை இறக்கவும் கூடாது. அத்தை பின்னாலிருந்து எட்டி எட்டி மோந்து பார்த்து, “ஒண்ணும் ஆவல, நட” என்று விரட்டினார். மூட்டு வலிக்காரர், 513 படியையும் என் கூடவே ஏறிவிட்டார்! எனக்கு முன்னால் மஞ்சள் சேலை கட்டிய சீன அம்மா ஒருவர் பால்குடத்தோடு போனார். நான் படியில் தடுமாறும்போதெல்லாம் அவர் திரும்பி ‘வேல் வேல்’ என்று எடுத்துக் கொடுத்தார். பாதிக்கு மேல் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

மேலே, 2012இல் குடமுழுக்கு கண்ட கோயில். அதன் அழகையெல்லாம் எழுத எனக்குத் தெரியவில்லை, நான் எதையும் பார்க்கவில்லை. ஒரே நெரிசல், தலைக்கு மேல் கைபேசிகள். என் முறை வந்தது. குருக்கள் குடத்தை வாங்கித் துணியை அவிழ்த்தார். ஒரு கணம் உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். பால் திரியவில்லை. வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கி, மேலே மஞ்சளாக ஆடை திரண்டு மிதந்தது.

அப்படியே ஊற்றினார். நெற்றி, கண், மார்பு என்று வெள்ளையாக இறங்கியது. ஆடையில் ஒரு துணுக்கு முருகனுடைய தோளில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்றது. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், தொண்டர் ஒருவர் நகருங்கள் என்கிறார், என்னால் அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்பாயீ, ஆடை கட்டின பாலுதான், பாத்துக்க. அடுத்த குடத்துப் பால் வந்து அதைக் கழுவிக்கொண்டு போகிற வரைக்கும் நின்றேன். கேட்பதற்கு என்று மனசில் என்னென்னவோ எழுதி வைத்திருந்தேன். வேலை மாற்றம், தம்பி கல்யாணம், வீட்டுக் கடன், ஒன்றும் வாயில் வரவில்லை. முருகா, அந்த மாடுகளைக் காப்பாற்றினாயே. அந்தப் பாலில் அப்பாவைப் படிக்கவைத்தாயே. கோமாரியில் அத்தனையும் போயிருந்தால் நாங்கள் ஏது, இந்தக் குடம் ஏது. சட்டைக்காலர் நனைய அழுதுகொண்டிருந்தது அப்பா. பொறுமை கிடையாது என்று சொன்ன அதே மனுஷன், எல்லாரும் இறங்கிய பிறகும் வர மாட்டேன் என்று தூண் ஓரமாக நின்றார்.

மறுநாளும் பினாங்கிலேயே தங்கிவிட்டோம். வீட்டில் மடி கட்டிக்கொண்டு எதுவும் நிற்கவில்லையே. சாயங்காலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் திரும்புகிற நேரம். 1894இல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த ரதம். அத்தை கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு நேரே காளைகளிடம் போய்விட்டார். திமிலைப் பார்த்தார், குளம்பைக் குனிந்து பார்த்தார். “இந்த எடப்பக்கத்து மாடு வயிறு ஒட்டிக் கெடக்கே, தண்ணி காட்டுனீங்களா தம்பி?” இப்போதுதான் காட்டினோம் என்றார் மாடு பிடித்திருந்தவர். அத்தை நம்பவில்லை. வாக்குவாதம் ஆகிவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துகொண்டு, தாடை சரியில்லை, தீவனம் பத்தாது என்கிறார். மணி அடித்து, தேங்காய்கள் படபடவென்று உடைந்து, ரதம் நகர்ந்து எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அய்யய்யோ, சாமியப் பாக்கவே இல்லையே!”

தேங்காய்ச் சில்லுகளை மிதித்துக்கொண்டு மூன்று பேரும் ரதத்தின் பின்னால் ஓடினோம்.