பாதம் தெரியணும்: பழைய ஹாலிவுட் படங்களை நம்ம ஊரில் முழுசாகப் பார்க்க

பழைய ஹாலிவுட்டின் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டெய்ர் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். ஆடும்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை முழு உடம்பும் படத்துக்குள் இருக்கணும். காமிரா இடையில் வெட்டி முகத்துக்குப் போகக் கூடாது. 'டாப் ஹேட்' (1935), 'ஸ்விங் டைம்' (1936) இரண்டிலும் ஜிஞ்சர் ராஜர்ஸோடு அவர் ஆடும் நீளமான ஷாட்டுகள் அப்படித்தான் எடுக்கப்பட்டவை. அதே படத்தை இன்றைய டிவியில் போட்டு, பக்கத்தில் வரும் கறுப்புப் பட்டை பிடிக்காமல் ரிமோட்டில் 'ஜூம்' அமுக்கினால் முதலில் காணாமல் போவது அவருடைய பாதம்தான். இடுப்புக்கு மேலே மட்டும் ஆடுகிற மனிதரைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேசுறாங்க" என்று எழுந்து போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

கணக்கு எளிது. 1953க்கு முந்தைய ஹாலிவுட் படங்கள் அநேகமாக எல்லாமே 1.37க்கு 1 என்ற சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. உயரம் 1 அடி என்றால் அகலம் 1.37 அடி. இன்றைய டிவி 1.78க்கு 1. அகலத்தை நிரப்ப ஜூம் செய்தால் உயரத்தில் 23 சதவீதம் மேலும் கீழுமாக வெட்டுப்படும். ஜூம் செய்யாமல் இழுத்து நிரப்பினால் எல்லாரும் 30 சதவீதம் பருத்துவிடுவார்கள். 'கசாபிளாங்கா' நாயகி இங்க்ரிட் பெர்க்மன் முகம் பூசணிக்காயாகிவிடும். எனவே பக்கத்துக் கறுப்புப் பட்டையை அப்படியே விடுங்கள். அங்கே படமே இல்லை, எதுவும் மறைக்கப்படவும் இல்லை.

இது ஹாலிவுட்டுக்கு மட்டுமான சங்கதியும் அல்ல. நம்ம ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் நடித்த 'சதிலீலாவதி' (1936) படத்தை இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன். என்.எஸ்.கே.யும் மதுரமும் சேர்ந்து வரும் பழைய காட்சிகளும் ஏறக்குறைய இதே சதுரச் சட்டகம்தான். கலைவாணரின் சிரிப்பில் பாதி அவர் நிற்கிற விதத்தில் இருக்கிறது. இந்த அமைப்பை ஒருமுறை சரிசெய்துவிட்டால் இரண்டு பேருக்கும் உதவும்.

டிவியில் செய்ய வேண்டியவை. 'பிக்சர் சைஸ்' பகுதியில் 'ஒரிஜினல்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்', எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்'. அடுத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்துங்கள். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர் இருக்கும். நொடிக்கு 24 படமாக ஓடுகிற ஃபிலிமுக்கு இடையில் டிவி தானாகப் படங்களை வரைந்து சேர்ப்பதுதான் இந்த வசதி. அது ஓடினால் ஹம்ஃப்ரி போகார்ட் சீரியல் நடிகர் மாதிரி நகர்வார். 'ஷார்ப்னெஸ்' பூஜ்யம் அல்லது அதை ஒட்டி. ஃபிலிமில் இருக்கிற மணல்துகள் போன்ற பொரிப்பொரி குறையல்ல, ஃபிலிமின் சுபாவம். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போட்டு அதைத் துடைத்தால் கூடவே கன்னத்துச் சருமமும் மெழுகாகிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' பக்கம் வையுங்கள். 'கூல்' வைத்தால் வெள்ளையெல்லாம் சொட்டுநீலம் போட்டுத் துவைத்தது போல இருக்கும்.

1953ல் 'தி ரோப்' சினிமாஸ்கோப்பில் வந்தபிறகு கதை மாறுகிறது. அதே ஆண்டில் வந்த 'ரோமன் ஹாலிடே' இன்னும் 1.37தான். ஆகவே 1953ஐ ஒட்டிய படங்களுக்குத் தனித்தனியாகப் பார்க்கணும். அகலத்திரை மோகத்தில் பழைய படங்களையே வெட்டியும் இருக்கிறார்கள். 'கான் வித் தி விண்ட்' (1939) படத்தை 1967ல் 70 எம்.எம்.முக்காக மேலும் கீழும் நறுக்கி வெளியிட்டார்கள். டார்ஜிலிங்கில் பிறந்த விவியன் லீயின் தலைமுடியும் பாவாடை விளிம்பும் அந்தப் பதிப்பில் போய்விட்டன. அகலமாக இருக்கும் பிரதி கிடைத்தால் எடுக்காதீர்கள்.

அடுத்தது வேகம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய டிவிடி பெரும்பாலும் கல்ஃபிலிருந்து வந்த பெட்டியில்தான் இருக்கும். எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று டிவிடிக்கு 'ரீஜன்' எண் உண்டு: வளைகுடா நாட்டு டிவிடி ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5, அமெரிக்கா ரீஜன் 1. உள்ளூர் பிளேயர் சிலது இவற்றை ஏற்காது. கணினியில் விஎல்சி வைத்துப் பெரும்பாலும் ஓட்டிவிடலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, வளைகுடா டிஸ்க் 'பால்' (PAL) என்ற டிவி முறை. நொடிக்கு 24 படத்தை 25ஆக ஓட்டுவார்கள். 102 நிமிட 'கசாபிளாங்கா' (1942) 98 நிமிடத்தில் முடிந்துவிடும். நாலு நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று நினைப்பார்கள், வெட்டவில்லை, ஓட்டிவிட்டார்கள். சுருதியைச் சரிசெய்யாத டிஸ்க் என்றால் குரலும் அரைச்சுரத்தில் முக்கால்வாசி ஏறிவிடும். போகார்டின் கனத்த குரல் மெலிந்து கேட்பது அதனால்தான். விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். கூடவே ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்பதை எடுத்துவிடுங்கள். அதை எடுக்காவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி இறங்காது. 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952) போன்ற பாட்டுப் படத்தில் இதைச் செய்தே ஆகணும்.

மௌனப் படத்தில் வேகம் இன்னும் சிக்கல். கையால் சுற்றிய காமிரா. நொடிக்கு 16 படமும் உண்டு, 24ம் உண்டு. 16ல் எடுத்ததை 24ல் ஓட்டினால் 60 நிமிடப் படம் 40 நிமிடமாகி எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுவார்கள். ஆனால் சாப்ளினும் பஸ்டர் கீட்டனும் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகச் சுற்றி, திரையில் வேகம் கூட்டியதும் உண்டு. எது பிழை, எது வித்தை? நாயகனைப் பார்க்காதீர்கள், பின்னணியைப் பாருங்கள். சாதாரணக் காட்சியில் தெருவில் போகிறவர் நடை, விழுகிற தண்ணீர், 'தி ஜெனரல்' (1926) என்றால் எஞ்சின் புகை. அவை இயல்பாக இருந்தால் வேகம் சரி.

'தி கோல்ட் ரஷ்' படத்துக்கு இரண்டு உருவம் உண்டு. 1925ல் வந்த மௌனப் படம் ஒன்று. 1942ல் சாப்ளினே தன் குரலில் கதை சொல்லி, சுருக்கி வெளியிட்ட 72 நிமிடப் படம் இன்னொன்று. கூட்டத்துக்குப் போட 1925தான் மேல். எழுத்து அட்டை வரும்போது ஒருவர் எழுந்து தமிழில் சத்தமாக வாசித்தால் போதும், சப்டைட்டிலே தேவையில்லை. 1942ல் ஆங்கிலக் குரல் விடாமல் பேசிக்கொண்டே இருக்கும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளில் மோசமானவை அதிகம். அதற்கும் காரணம் உண்டு. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946), 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) இரண்டின் காப்புரிமையும் அமெரிக்காவில் காலத்தில் புதுப்பிக்கப்படவில்லை. 'ஷரேட்' (1963) படத்தின் தலைப்பு அட்டையில் காப்புரிமை என்ற சொல்லே விடுபட்டுப் போயிற்று. ஆகவே யார் வேண்டுமானாலும் தேய்ந்த பிரதியை எடுத்து விற்றார்கள். இறக்கும்முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள்: 'ரோமன் ஹாலிடே' 118 நிமிடம், 'சிங்கிங் இன் தி ரெயின்' 103, '12 ஆங்ரி மென்' 96, 'சிட்டி லைட்ஸ்' 87. நாலு சதவீதம் குறைந்தால் பால் வேகம். அதற்கு மேல் குறைந்தால் வெட்டு. எழுத்து இடவலம் மாறித் தெரிந்தாலோ, படத்தைச் சுற்றிச் சட்டம் போட்டிருந்தாலோ, காப்புரிமைச் சோதனையிலிருந்து தப்ப யாரோ செய்த வேலை. வண்ணம் ஏற்றிய பிரதியைத் தொடவே வேண்டாம். இந்தியச் சட்டத்தில் திரைப்பட உரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960ல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. படத்துக்குள் இருக்கும் பாட்டுக்கும் மூலக்கதைக்கும் தனி உரிமை இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

தமிழ் சப்டைட்டில் செய்கிறவர்கள் நம்மில் கூடி வருகிறார்கள், மகிழ்ச்சி. கோப்பை யூடிஎஃப்-8ல் சேமியுங்கள். டிவியின் யூஎஸ்பியில் நேரே போட்டால் பல டிவிகளில் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக ஓட்டுங்கள், இல்லையென்றால் 'ஹேண்ட்பிரேக்' என்ற மென்பொருளில் 'பர்ன் இன்' கொடுத்துப் படத்தோடு பதித்துவிடுங்கள். எழுத்து போகப்போகப் பிந்தினாலோ முந்தினாலோ, தொடக்கத்தை நகர்த்திப் பயனில்லை. 23.976க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிடத்தில் சுமார் 25 நொடி ஆகிவிடும். 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருளில் பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) மாற்றினால் ஒரே அடியில் சரியாகும்.

மொழிபெயர்ப்பில் கஷ்டம் சொற்களில் அல்ல, 'நீ'யிலும் 'நீங்க'விலும். ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கணும். 'ரோமன் ஹாலிடே'யில் கிரெகரி பெக் தெருவில் தூங்கி வழிகிற பெண்ணை முதலில் பார்க்கும்போது 'நீ'தான். இளவரசி என்று தெரிந்த பிறகும் அவளிடம் காட்டிக்கொள்ளாமல் நடிக்கிறான், ஆகவே 'நீ' தொடரணும். கடைசிப் பத்திரிகையாளர் சந்திப்பில் எல்லார் முன்னாலும் 'தாங்கள்'. அந்த ஒரு சொல் மாறும்போது ஆட்ரி ஹெப்பர்ன் முகத்தில் நடப்பது தமிழ் பார்வையாளருக்கு இரட்டிப்பாகப் புரியும். இது ஆங்கிலத்தில்கூட இல்லாத வசதி. 'கசாபிளாங்கா'விலும் அப்படியே. போகார்ட் பெர்க்மனிடம் பாரிஸில் 'நீ', அவள் கணவன் பக்கத்தில் இருக்கும்போது 'நீங்க'. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அங்கே ஒருவர் பேச்சை மட்டும் பிடியுங்கள். ஒரு தடவைக்கு இரண்டே வரி, வரிக்கு நாலைந்து சொல். அதற்கு மேல் போனால் கண் எழுத்திலேயே நின்றுவிடும், நடிகரைப் பார்க்க நேரம் இருக்காது.

வாசகசாலையிலோ பள்ளி ஹாலிலோ போடுகிறவர்களுக்கு: திரைக்கு வெள்ளை இரட்டை வேட்டி கட்டினால் ஒளி பின்னால் கசியும், முதுகில் கறுப்புத் துணி வையுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் திறந்தவெளித் துணி பாய்மரம் மாதிரி உப்பும், படம் ஒரு நொடிகூடத் தெளிவாக நிற்காது. அங்கே வெள்ளையடித்த சுவர்தான் சரி. ஒலிக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர், திரைக்கு நேர் கீழே. 1930, 40களின் படங்கள் மோனோ. இரண்டு பக்கமும் பிரித்து 'சரவுண்ட்' போட்டால் வசனம் குழம்பிவிடும். டைல்ஸ் தரையில் எதிரொலி அதிகம், ஜமுக்காளம் விரித்தால் பாதி குறையும். விளக்கு வைத்த புரொஜெக்டர் என்றால் யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். கரண்ட் சட்டென்று போனால் உள்ளே விசிறியும் நின்று, சூட்டில் விளக்கு ஆயுள் குறையும்.

டிஸ்க்குகளுக்கு எதிரி நம்ம இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் கடல்காற்றும். குளச்சல், முட்டம் பக்கம் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கெட்டி டப்பாவில் நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். பூஞ்சை பிடித்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடும், பிளேயரால் அதைத் தாண்டிப் படிக்க முடியாது. நெயில்பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளை தெரிகிறதா? அது கழுவிப் போகாது, இன்றைக்கே நகல் எடுங்கள். வெள்ளை பூத்த விஎச்எஸ் கேசட்டை பிளேயரில் போடாதீர்கள். அடுத்துப் போடும் கேசட் அத்தனைக்கும் தொற்றும்.

கடைசியாக 'பென்ஹர்' (1959), நம்ம மாவட்டத்தில் அதிகம் கேட்கப்படும் படம் என்பதால். 212 நிமிடம், அகலம் 2.76க்கு 1. எட்டடி அகலத் திரையில் உயரம் மூன்றடிக்கும் குறைவாகத்தான் வரும், ஆகவே பின்வரிசை நாற்காலிகளை முன்னே இழுங்கள். ஜூம் செய்தால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தேர்ப்பந்தயத்தில் நாலு குதிரையும் பக்கத்துத் தேரும் சேர்ந்து தெரிவதற்கு எடுத்த சட்டகம் அது. இயேசுவின் முகத்தைக் காட்டாமல், அவரைப் பார்க்கிறவர் முகத்தைக் காட்டியே நாசரேத் காட்சியை எடுத்திருக்கிறார்கள். அங்கே விளக்கு எரியக் கூடாது. தொடக்கத்தில் படம் அசையாமல் ஆறு நிமிடத்துக்கு மேல் இசை மட்டும் வரும். மெஷின் நின்றுவிட்டது என்று யாராவது வயரைப் பிடுங்குவதற்கு முன் சொல்லிவிடுங்கள். தேர்ப்பந்தயம் இடைவேளைக்குப் பிறகுதான். ஆறு மணிக்குத் தொடங்கினால் ராத்திரி பத்து மணிவரை கடைசிப் பஸ் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு நேரம் குறியுங்கள்.